பால் காய்ச்சியாச்சு, மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு?



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, வீடு மாறுறோம். ஃபேன் மாட்டணும், கீசர் மாட்டணும், எப்போ வர்றீங்க?" சென்னைப் புறநகரில் 17 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். புது வீட்டுக்குள் அதிகம் போய்வந்தவர்கள் யார் என்று கணக்கெடுத்தால் ஐயருக்கும் சமையல்காரருக்கும் அடுத்து நான்தான் வருவேன்.

நல்ல நாள் பார்க்கிறோம். ராகுகாலம், எமகண்டம் பார்க்கிறோம். வாசல்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அடுப்பில் பால் பொங்கவிட்டு, சாமி படத்தையும் உப்பையும் முதலில் கொண்டுபோகிறோம். இதெல்லாம் நல்ல பழக்கம், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பால் பாத்திரம் ஆறுவதற்குள் நான் அந்த வீட்டுத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்பேன். "மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு?"

பத்து வீட்டில் போனால் ஒன்றிரண்டு பேர்தான் சரியாகக் கை காட்டுவார்கள். மற்றவர்கள் "அது… கீழே எங்கேயோ இருக்குண்ணே" என்பார்கள். பரவாயில்லை, தம்பி புத்திசாலி, ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். என் கவலை தம்பியைப் பற்றியே இல்லை. தம்பி காலை எட்டரைக்கு ஆபீஸ் பஸ் பிடித்துப் போய்விடுவார். மருமகளும் வேலைக்குப் போய்விடுவார். பகல் பதினோரு மணிக்கு அந்த வீட்டில் இருக்கப்போவது ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் முட்டி வலியோடு இருக்கும் அப்பாவும்தான். ஸ்கூல் லீவு என்றால் ஒரு குட்டிப் பையனும் இருப்பான். கிரைண்டரில் ஷாக் அடித்தாலும், கேஸ் வாடை வந்தாலும், அப்பா மயங்கி விழுந்தாலும் அங்கே இருப்பது அந்த அம்மா மட்டும்தான்.

ஊர் வீட்டில் அந்த அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பீஸ் போனால் எங்கே என்று தெரியும், கிணறு தெரியும், கூப்பிட்டால் ஓடிவர எதிர்வீட்டு மாமா உண்டு. புது ஃப்ளாட்டில் அவருக்கு லிஃப்ட் பட்டனே புதுசு. அதனால் கீழே நான் சொல்வதெல்லாம் உங்களுக்காக மட்டும் இல்லை. வீட்டில் இருக்கப்போகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்.

முதலில் கரண்ட். என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் மீட்டரும் ஒரு மெயினும் தரைத்தளத்திலோ படிக்கட்டுப் பக்கமோ இருக்கும். வீட்டுக்குள் கதவுக்கு மேலேயோ ஹாலின் ஓரத்திலோ ஒரு டிபி பாக்ஸ் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். சின்னச் சின்ன ஸ்விட்ச் வரிசையாக இருக்கும், அவை எம்சிபி. கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் 'டி' என்ற எழுத்தோடு ஒரு குட்டி பட்டன் வைத்து ஒன்று இருந்தால் அதுதான் ஆர்சிசிபி. நாங்கள் பேச்சுவழக்கில் ஈஎல்சிபி என்றும் சொல்வோம்.

இந்த இரண்டும் ஒன்று என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. எம்சிபி காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி விழவேண்டும் என்றால் 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆனால் ஒரு மனித உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஈரக்கையோடு ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் எம்சிபிக்கு அது ஒரு பல்பு எரிகிற மாதிரிதான், அசையாது. ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில், அதாவது ஒரு மனிதரின் உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலும் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்துவிடும். அதன் மேலேயே 30 என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 100, 300 என்றெல்லாமும் வரும். அவை தீ விபத்தைத் தடுப்பதற்கு. ஆளைக் காப்பாற்ற 30தான்.

அந்த 'டி' பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழுந்து அதன் கீழ் உள்ள லைன் எல்லாம் அணைய வேண்டும். விழவில்லை என்றால் அது அலங்காரப் பொருள், மாற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்ப்பது நல்லது. வீட்டில் ஆர்சிசிபியே இல்லை என்றால், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், இதை முதலில் போடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் இழுத்தடித்தால் செலவைப் பாதிப்பாதி பேசியாவது போட்டுவிடுங்கள். நாலு பேருக்கு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டை ஒத்திப்போட்டால் பெரும்பகுதி தேறிவிடும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் கரண்ட் வந்த வழியே திரும்பிவிடுகிறது, ஆர்சிசிபிக்குத் தெரியாது. ஆக, அது இருக்கிறது என்ற தைரியத்தில் பிளக் பாயின்ட்டில் விளையாடக் கூடாது.

அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், "தொல்லை சார், டைரக்ட் கொடுத்துடறேன்" என்று சிலர் அதைத் தாண்டி வயரை இணைத்துவிட்டுப் போவார்கள். என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது. விட்டுவிடாதீர்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு சாமானாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் கசிவு. பெரும்பாலும் பழைய கிரைண்டர், வாட்டர் ஹீட்டர், மோட்டார் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எதுவுமே போடாமல் விழுந்தால் சுவருக்குள் கோளாறு, ஆளைக் கூப்பிடுங்கள்.

டிபி பாக்ஸில் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சமையலறை, பாத்ரூம், ஏசி, மோட்டார் என்று பெரிய எழுத்தில், அம்மா கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில். மெயின் மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் ஒரு வட்டம். இது பத்து நிமிட வேலை. புது வீட்டுக்குப் போன முதல் நாளே செய்துவிடலாம். பாக்ஸ் எட்டாத உயரத்தில் இருந்தால் பக்கத்தில் ஒரு மர முக்காலி வைத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீடுகளுக்குத் தனியாக ஒன்று. மெயினை அணைத்தால் என்ன ஆகும்? ஈபி கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும்! ஹாலில் ஃபேன் சுற்றும், லைட் எரியும், அந்த வயரில் அதே 230 வோல்ட் இருக்கும். ஆக, ஆபத்து என்றால் மெயினும் அணைய வேண்டும், இன்வெர்ட்டரும் அணைய வேண்டும். அந்த பட்டனையும் அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். பூஜை அலமாரிக்குக் கீழே காலி இடம் இருக்கிறதே என்று அங்கே பேட்டரியைத் தள்ளி வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கீழே ஹைட்ரஜன், மேலே விளக்கு. யோசித்துப் பாருங்கள்.

எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் வந்திருக்கிறதா, அது தரையில் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறது, செருப்பு போட்டுத் தொட்டால் இல்லை என்றால் அந்த வீட்டில் எர்த் சரியில்லை. செருப்பு போட்டுக்கொள்வது தீர்வும் இல்லை. இன்னொன்று, மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து இரண்டு பின் பாயின்ட்டில் சொருகுவது. தயவுசெய்து வேண்டாம்.

கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் பெரிய பாயின்ட்டில்தான் போட வேண்டும், அதாவது 16 ஆம்பியர். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பாயின்ட்டில் கன்வெர்ட்டர் பிளக் வைத்து ஓட்டினால் முதல் வாரம் ஒன்றும் ஆகாது. மூன்றாம் மாதம் பாயின்ட் மஞ்சளாகும், அப்புறம் கருப்பாகும். கீசரைப் போட்டுத் தண்ணீர் சுட்டதும் அணைத்துவிட்டுக் குளிப்பது பழைய பழக்கம்தான், இப்போதும் சரியான பழக்கம். கீசருக்கு அடியில் உள்ள வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் அதை எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். அழுத்தம் அதிகமானால் வெளியேற்றும் வழி அது. அடைத்தால் டேங்க் வெடிக்கும். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருக்கிற வீடு என்றால் நான் குடிபோகவே மாட்டேன். காற்றோட்டம் போதாத பாத்ரூமில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிக்கிறவருக்கு எதுவும் தெரியாமலே மயக்கம் வந்துவிடும்.

மொட்டைமாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எங்கேயாவது தேய்ந்து அந்தக் கம்பியில் பட்டால் ஈரத்துணியோடு போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் நம் ஊர்ப் பேப்பரில் இப்படிச் சாவுச் செய்தி வராத வருஷம் இல்லை.

ஒருவேளை யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால்? பாசத்தில் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள், அங்கேதான் இரண்டாவது உயிரும் போகிறது. தொடக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும். மெயின் தூரம் என்றால் காய்ந்த பலகை மேலே நின்று காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். அப்புறம் 108. இதை அம்மாவிடம் சொல்லும்போது ஒரு தடவை சொன்னால் போதாது. "ஐயோ பிள்ளை" என்று பாய்வது தாயின் இயல்பு. முன்கூட்டியே மனதில் பதிந்திருந்தால்தான் கால் மெயினை நோக்கி ஓடும்.

மீட்டரைப் பற்றி ஒரு சின்ன வேலை. குடிபோன அன்றே ரீடிங்கை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கணக்கு வரும்போது பழைய குடித்தனக்காரர் எரித்தது எவ்வளவு, நீங்கள் எரித்தது எவ்வளவு என்ற பேச்சு வராது. அப்படியே வீட்டு மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுக் கீழே போய் மீட்டரைப் பாருங்கள். சிவப்பாக மினுக்கும் குட்டி விளக்கு நின்றுபோக வேண்டும். அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்தால் உங்கள் மீட்டரில் வேறு யாருடைய வீடோ மோட்டாரோ ஓடுகிறது, அல்லது அது உங்கள் மீட்டரே இல்லை! அடுக்குமாடிகளில் இது நடக்கிற விஷயம். கரண்ட் புகார் எதுவானாலும் மின்னகம் எண் 94987 94987. நாள் முழுக்க எடுப்பார்கள்.

சரி, கேஸுக்கு வருவோம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. இந்த ஒரு வரி மனதில் நின்றால் மீதியெல்லாம் தானாகப் புரியும். கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி பரவும், தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவைத் திறக்க வேண்டும். அதனால்தான் மாடுலர் கிச்சனில் சிலிண்டரை நாலு பக்கமும் மூடிய கப்போர்டுக்குள் வைப்பது ஆபத்து. பார்க்க அழகுதான். ஆனால் கதவின் அடிப்பகுதியில் காற்று போக ஓட்டை வேண்டும். சிலிண்டர் நின்றபடி, அடுப்பு அதைவிட உயரத்தில். (குழாய் வழியாக வருகிற இயற்கை எரிவாயு வேறு. அது காற்றைவிட லேசு, மேலே போகும். அந்த வசதி உள்ள ஃப்ளாட் என்றால் குழாயின் வால்வு எங்கே என்று பார்த்துவையுங்கள்.)

பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த ரப்பர் டியூபைப் பாருங்கள். மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா? ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸ்தான் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரையும் தேதியும் அதன் மேலேயே இருக்கும். அதையும் 5 வருஷத்தில் மாற்ற வேண்டும். சமையல் மேடையின் நீளம் போதவில்லை என்று இரண்டு டியூபை ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். சிலிண்டரை நகர்த்துங்கள்.

சிலிண்டர் வந்து இறங்கும்போது மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளின் உள்பக்கம் பாருங்கள். ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்தில் உள்ளது வருஷம். அந்தச் சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய கெடு அது. தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். மூடியைத் திறந்து உள்ளே கருப்பு வாஷர் ஒழுங்காக இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று கொண்டுவந்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். எடை போட்டுக் காட்டவும் சொல்லலாம், உள்ளே கேஸ் மட்டும் 14.2 கிலோ இருக்க வேண்டும். நீங்கள் கசிவு பார்ப்பதென்றால் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வீர சாகசம் இன்னும் சில இடத்தில் நடக்கிறது.

சின்ன ஃப்ளாட்டுகளில் பூஜை அலமாரி சமையலறையிலேயே இருக்கும். சாமிக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அந்த நேரம் பார்த்துச் சிலிண்டர் தீரும், அம்மா விளக்கு எரிய எரியவே சிலிண்டர் மாற்றுவார். "விளக்கை அணைக்கக் கூடாதுப்பா" என்பார். அணைக்க வேண்டாம் அம்மா, மலையேற்றிவிட்டு மாற்றுங்கள், மாற்றி முடித்துக் கைகழுவி மறுபடி ஏற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்காத அம்மாக்கள் பிள்ளை சொன்னால் கேட்கிறார்கள்.

கேஸ் வாடை வந்தால் என்ன செய்வது? ரெகுலேட்டரை மூடணும். எரிகிற தீயெல்லாம் அணையணும். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. போடக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், அணைக்கும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி வரும் என்பது தெரியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு வாடையை விரட்டலாம் என்று நினைப்பதுதான் பெரும் ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். மெயின் படிக்கட்டுப் பக்கம், சமையலறைக்குத் தூரமாக இருந்தால் அங்கே போய் அணைக்கலாம். ஏனென்றால் ஃபிரிட்ஜ் நீங்கள் தொடாமலே தானாக ஓடி நிற்கிற சாமான். வெளியே வந்தபிறகு போனை எடுத்து 1906 கூப்பிடுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண், 24 மணி நேரமும் உண்டு.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ எகிறிக் கூரைக்குப் போகும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டைப் போட்டு மூடினால் போதும்.

வீடு மாறினால் கேஸ் கனெக்‌ஷன் முகவரியையும் உடனே மாற்றுங்கள். ஒரே ஊருக்குள் என்றால் ஏஜென்சியிலோ இணையத்திலோ மாற்றிக்கொள்ளலாம். வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபர் வவுச்சரோடு போய்ப் புது ஊரில் எடுக்க வேண்டும். சோம்பல்பட்டு வண்டியில் சிலிண்டரைத் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடு, பதிவு செய்த முகவரியில் நடக்கும் விபத்துக்குத்தான். வேறு முகவரியில் வெடித்தால் கைவிரித்துவிடுவார்கள்.

பூஜை இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிளைவுட் அலமாரிக்குள் விளக்கு ஏற்றுகிறீர்கள் என்றால் சுடருக்கு நேர் மேலே உள்ள தட்டு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் விளக்கை வெளியே ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வையுங்கள். அலமாரிக்குப் பூ வேலைப்பாட்டுத் திரை போட்டிருப்பார்கள், சிந்தெட்டிக் துணி. ஃபேன் காற்றில் ஒரு பக்கம் பறந்து சுடரில் பட்டால் முடிந்தது. கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய்ப் பாட்டில் மூன்றையும் விளக்குக்குப் பக்கத்திலேயே வைப்பதையும் மாற்றுங்கள். விளக்கு எரியும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்ப வேண்டாம்.

பெரிய அடுக்குமாடியில் கணபதி ஹோமம் செய்கிறீர்கள் என்றால் சீலிங்கைப் பாருங்கள். சிவப்புத் திரவம் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குமிழ் தொங்கினால் அது ஸ்பிரிங்க்ளர். சூடு 68 டிகிரி ஏறினால் அந்தக் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டும். ஹோம குண்டத்தை அதற்கு நேர் கீழே வைக்காதீர்கள், அசோசியேஷனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஐயரும் நனைவார், கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார்.

தண்ணீர் விஷயம். தனி வீடாக இருந்தால் சம்ப் மூடியை முதல் நாளே பாருங்கள். துருப்பிடித்த தகரமோ உடைந்த பலகையோ கிடந்தால் அன்றைக்கே மாற்றிப் பூட்டுப் போடுங்கள். வீட்டில் குழந்தை இல்லையே என்று நினைக்காதீர்கள், பால் காய்ச்ச வருகிற சொந்தக்காரர்களின் குழந்தைகள் வீட்டைச் சுற்றி ஓடும். ரொம்ப நாள் மூடிக்கிடந்த சம்புக்குள் சுத்தம் செய்ய நீங்களும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது. ஒருவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். திறந்துபோட்டு, தண்ணீரை மோட்டாரில் இறைத்து, வெளியிலிருந்தே கழுவச் சொல்லுங்கள். உள்ளே மோட்டார் இருந்தால் அதன் பிளக்கைக் கழற்றாமல் கையை விடாதீர்கள். செப்டிக் டேங்க் என்றால் பேச்சே இல்லை, ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். 14420 என்ற எண்ணில் கேட்டால் வருவார்கள்.

மாடித் தொட்டி மூடி இடுக்கில்லாமல் மூடுகிறதா? டெங்கு கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

புது வீடு கழுவுகிற உற்சாகத்தில் டைல்ஸுக்கு ஆசிட், அது போதாது என்று மேலே பிளீச்சிங் பவுடர் என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள். கலந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் நுரையீரலை எரித்துவிடும். ஒன்று போட்டால் இன்னொன்று வேண்டாம்.

கதவுப் பூட்டு. பழைய குடித்தனக்காரர், புரோக்கர், பெயின்டர், கார்பென்டர் என்று எத்தனை பேரிடம் சாவி போய்வந்ததோ தெரியாது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டாம், உள்ளே உள்ள சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுத் தூங்குகிற வீடுகளில் சாவி எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டுவிட்டோம், தீ என்றால் வெளியே போக அந்த ஒரு வாசல்தான். இருட்டில், புகையில், சாவி எங்கே என்று தேட முடியாது. படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டும் பழைய சைக்கிளும் அடுக்குகிறவர்களிடம் நயமாகச் சொல்லிப் பாருங்கள். பால்கனியில் குழந்தை ஏறுகிற மாதிரி நாற்காலியோ பூந்தொட்டியோ சுவரை ஒட்டி இருக்கக் கூடாது.

ஆதார், ரேஷன் அட்டை, வங்கி, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பாதி முடிந்துவிடும்.

அதைவிட அவசரமான ஒரு முகவரி வேலை இருக்கிறது. 108க்குக் கூப்பிட்டால் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். நம் அம்மாவுக்குப் புது வீட்டு முகவரி தெரியுமா? "பையன் வீடு, தாம்பரம் பக்கம்" என்றுதான் சொல்வார். சென்னைப் பக்கம் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரண்டு எண் வேறு. ஒரே தெருவில் 12 என்று இரண்டு வீடு இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் அம்மா போன் வைக்கிற இடத்திலும் ஒட்டுங்கள். பிளாக், மாடி, கதவு எண் இரண்டும், தெரு, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம், அது கோயிலோ ரேஷன் கடையோ. கீழே எண்கள்: எந்த ஆபத்துக்கும் 112, தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, கேஸுக்கு 1906. அதற்கும் கீழே எதிர்வீட்டுக்காரர் பெயரும் போன் நம்பரும். அதற்காகவாவது எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு டம்ளர் பாயசம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஃப்ளாட்டில் மூன்று வருஷம் இருந்தும் எதிரே யார் என்று தெரியாதவர்கள் நிறைய.

ஒட்டியபிறகு அம்மாவை ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, 'பிளாக்' என்றால் என்ன என்று அப்போதுதான் தெரியவரும். படிக்கத் தெரியாத பாட்டி என்றால் போனில் ஒரே பட்டனில் எதிர்வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு ஒத்திகை. குடிபோன முதல் ஞாயிறு, எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, "அம்மா, மெயினை அணைச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நில்லுங்கள், கை காட்டாதீர்கள். அவரே முக்காலி போட்டு, பாக்ஸைத் திறந்து, சிவப்பு வட்டத்தைத் தேடி இறக்கட்டும். ஹாலில் ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.